முதலில் வந்த பக்கம்

ஜனவரி 5, திங்கள்

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்தது. ஆசிரியர் அறையில் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதை எல்லாம் நவம்பரிலேயே கேட்டு முடித்துவிட்டார்கள்.

பன்னிரண்டாம் வகுப்புக்குச் செய்முறைத் தேர்வு பிப்ரவரியில். ஆய்வகத்தில் பியூரெட் ஆறு உடைந்திருக்கிறது. எழுதிக் கொடுத்தேன்.

எதையாவது தினமும் எழுது என்று நித்திலா சொல்லிக்கொண்டே இருக்கிறாள். பெங்களூரில் அவள் அலுவலகத்தில் யாரோ சொன்னார்களாம். அச்சகத்துக்காரர் கொடுத்த டைரி சும்மா கிடந்தது. எழுதுகிறேன்.

ஜனவரி 7, புதன்

வாரிசுச் சான்றிதழுக்கு வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம் என்று அருளப்பன் அண்ணாச்சி சொல்லியிருந்தார். இவரோடு மின்வாரியத்தில் இருபது வருஷம் வேலை பார்த்தவர். இவர் இறந்த பிறகு அலுவலகத்துக் காகித வேலையெல்லாம் அவர்தான் பார்க்கிறார்.

சாயங்காலம் லேப்டாப்பைத் திறந்தேன். நவம்பருக்குப் பிறகு இன்றுதான். நானும் இவரும் பொதுவாக வைத்திருந்தது.

முகப்பில் ஏதோ ஒரு மலைப் படம், வெயில் எத்தனை டிகிரி என்ற கணக்கு, நடுவில் ஒரு தேடும் பெட்டி. நான் வைத்தது இல்லை; இவர் வைத்தது என்று மாதக்கணக்கில் விட்டிருந்தேன். வாரிசுச் சான்றிதழ் என்று அடித்தேன். வேறொரு முகவரி ஒரு நொடி மின்னிப் போனது. பிறகு பட்டியல் வந்தது. முதல் ஐந்தும் ஏஜெண்டுகள். ‘உடனே அழையுங்கள்.’ கீழே மூலையில் என் கணினியில் பதின்மூன்று வைரஸ் இருப்பதாக ஒரு பெட்டி எழுந்தது. மூடினேன். மறுபடி எழுந்தது.

அணைத்துவிட்டுக் கேஸ் சிலிண்டர் பதிந்தேன்.

ஜனவரி 8, வியாழன்

சிலிண்டர் வந்தது. வேறொன்றும் இல்லை.

ஜனவரி 11, ஞாயிறு

நித்திலா போனில் சொல்லச் சொல்லச் செய்தேன்.

“தேடினா நடுவுல வேற ஒரு பக்கம் வந்துட்டுப் போகுதா?”

“ஆமா.”

“நீ மாத்தாமலே முகப்பு மாறியிருக்கு. விளம்பரமா வந்து விழுது. அப்ப எக்ஸ்டென்ஷன்தான்மா. பிரௌசர் மேல ஒட்டிக்கிட்டு வேலை பாக்கற சின்ன புரோகிராம். எல்லாம் கெட்டது இல்ல. சிலது இப்படி. நாம தேடறதத் தன் பக்கமா இழுத்துட்டுப் போயி, அவனுக்குக் காசு குடுத்தவனை முதல்ல காட்டும்.”

மேலே வலது ஓரத்தில் மூன்று புள்ளி. அதற்குள் எக்ஸ்டென்ஷன் பட்டியல். அதில் ‘தேடல் துணை’ என்று ஒன்று இருந்தது. பூதக்கண்ணாடிப் படம். நாங்கள் தேடுவதை எல்லாம் படிக்கவும் மாற்றவும் அதற்கு அனுமதி இருப்பதாக எழுதியிருந்தது. அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

“யாரு அனுமதி குடுத்தது? அப்பாவாத்தான் இருக்கும். எதைக் காட்டினாலும் சரின்னு அமுக்கிடுவார். டயாலிசிஸ் வேண்டாம், பொடி போதும்னு எவனோ எழுதினத நம்பின மனுஷன்தானே.”

அவள் அப்பாவைப் பற்றி இப்படித்தான் பேசுகிறாள். காரியத்தன்றும் இப்படித்தான் பேசினாள். ‘படிச்ச முட்டாள்’ என்று இவருடைய தங்கையிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

நீக்கு என்று இருந்ததை அமுக்கினேன். போய்விட்டது. அணைத்துத் திறக்கச் சொன்னாள். திறந்தேன். மலைப் படம் மறுபடி வந்திருந்தது.

“அப்ப கம்ப்யூட்டருக்குள்ளயே அதோட தாய் உட்காந்திருக்கு. அது திருப்பித் திருப்பிப் போடுது. அடுத்த வாரம் பாக்கலாம்மா, எனக்கு ஒரு கால் வருது.”

ஜனவரி 13, செவ்வாய்

அருளப்பன் அண்ணாச்சி கையெழுத்து வாங்க வந்தார். காபி குடித்தார். ஜெசிந்தாவுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அவர் மனைவிக்கும் இரண்டு வருஷமாகச் சிறுநீரகக் கோளாறு.

“கால் வீக்கம் வடியல டீச்சர். டாக்டர் டயாலிசிஸ் ஆரம்பிக்கணும்னு சொல்லுதாரு. அவளுக்குப் பயம். சுடலைமுத்து அண்ணன் சொன்ன எடத்துலதான் பொடி வாங்கிக் குடுக்கேன். மூணு மாசம் ஆச்சு.”

“இவர் போன பிறகும் இன்னுமா?”

“அண்ணனுக்குக் கேக்கல. அவருக்கு முத்திப் போச்சுன்னு அந்த எடத்துல சொன்னாங்க. இவளுக்கு ஆரம்பம்தானே.”

டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன். நாளை முதல் பள்ளி விடுமுறை.

ஜனவரி 15, வியாழன்

இந்த வருஷம் எங்களுக்குப் பொங்கல் இல்லை. எதிர்வீட்டில் கொடுத்தனுப்பினார்கள். சாப்பிட்டேன்.

வகுப்புத் தேர்வுக்காக ‘சிலிக்கேட்’ என்று அடிக்கப் போனேன். ‘சி’ அடித்ததும் இவர் முன்பு தேடியதெல்லாம் பெட்டிக்குக் கீழே வரிசையாக வந்து நின்றது.

சிறுநீரகம் டயாலிசிஸ் இல்லாமல் சரியாகுமா
சிறுநீரகம் டயாலிசிஸ் வலிக்குமா
சிறுநீரகம் டயாலிசிஸ் வேலைக்குப் போகலாமா

முதல் கேள்வியை அமுக்கினேன். வேறொரு முகவரி மின்னி மறைந்தது. பட்டியல் வந்தது. முதல் ஏழும் இவருக்குப் பொடி கொடுத்த அந்த மூலிகை மையம். ஏழுக்கும் ஏழு பெயர். உள்ளே போனால் எல்லாவற்றிலும் ஒரே போன் எண்தான். ஒன்றில் ‘டாக்டர்கள் மறைக்கும் உண்மை’. ஒன்றில் குணமானவர்களின் படம். நாங்கள் நான்கு முறை போய் உட்கார்ந்திருந்த கூடத்தின் படமும் இருந்தது. நீல நாற்காலிகள்.

இரண்டாம் பக்கம் போனேன். அங்கேயும் அதுவே.

ஜனவரி 17, சனி

நித்திலா கூப்பிட்டாள். கணினியில் ஏற்றியிருக்கும் புரோகிராம்களின் பட்டியலைத் திறந்து, தேதி வாரியாக அடுக்கச் சொன்னாள்.

“தெரியாத பேரா எது இருக்கு?”

பார்த்துக்கொண்டே வந்தேன். அது இருந்தது. பெயரில் பி.டி.எஃப். என்று வரும். பக்கத்திலேயே ஏற்றிய தேதியும் இருந்தது. பெயரைப் படித்துச் சொன்னேன்.

“அதுதான். பி.டி.எஃப். மாத்தித் தரேன்னு இலவசமா வரும். கூடவே இந்தச் சனியனையும் ஏத்திட்டுப் போயிடும். தேதி என்ன போட்டிருக்கு?”

“போடல.”

“போட்டிருக்குமே.”

“காலியா இருக்கு.”

“சரி விடு. அப்பாதான் எதுக்காவது இறக்கியிருப்பார்.”

பட்டியலிலிருந்து அதை நீக்கினேன். பிறகு எக்ஸ்டென்ஷனை நீக்கினேன். பிரௌசரைப் பழைய நிலைக்குத் திருப்பினேன். மூலையில் பெட்டி எழுப்ப அனுமதி வாங்கியிருந்த பக்கங்கள் ஒன்பது இருந்தன. ஒன்பதையும் தடுத்தேன். வைரஸ் சோதனை ஓட்டினேன். கடவுச்சொற்களை எல்லாம் மாற்றச் சொன்னாள், மாற்றினேன். அணைத்துத் திறந்தேன். வெறும் வெள்ளைப் பக்கம் வந்தது.

“பரவாயில்லம்மா. நீயே எல்லாம் செஞ்சிட்ட.”

தேதி மார்ச் 14. அன்று பதினொன்றாம் வகுப்பு வேதியியல் வினாத்தாளை அச்சகத்துக்கு அனுப்பினேன். பி.டி.எஃப். ஆக மாற்றி அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.

ஜனவரி 18, ஞாயிறு

ஒரு பரிசோதனையில் ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும். மற்றதெல்லாம் அப்படியே இருக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்துவிடுவோம்.

அதே லேப்டாப். அதே கேள்வி, எழுத்து மாறாமல். இன்று வந்தவை: ஒரு மருத்துவக் கல்லூரியின் விளக்கம். டயாலிசிஸ் செய்துகொண்டே எட்டு வருஷம் வேலைக்குப் போன ஒருவரின் பேட்டி. சிறுநீரக நோயாளிகள் மூலிகைப் பொடி சாப்பிடும்போது பொட்டாசியம் ஏறுவது பற்றி ஒரு டாக்டர் எழுதியது. மூன்று பக்கம் தள்ளிப் பார்த்தேன். அந்த மையம் இல்லை.

துணி துவைத்தேன்.

ஜனவரி 20, செவ்வாய்

மதுரையில் டாக்டர் டயாலிசிஸ் என்று சொன்னது ஜூலை 4. ஆறாம் தேதி சாயங்காலம் நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். இவர் வந்து பக்கத்தில் நின்றார். “இது வலிக்குமா செம்பகம்? வேற வழி ஏதும் இருக்குமா?” என்று கேட்டார். அதற்கு முன்பும் இரண்டு தடவை கேட்டிருந்தார்.

“என்னையே கேட்டா? லேப்டாப் சும்மாதானே இருக்கு. பாருங்க.”

பார்த்தார்.

விடைத்தாள் நாற்பத்தி இரண்டு.

ஜனவரி 22, வியாழன்

ஆய்வகத்தில் உப்புப் பகுப்பாய்வு. பிள்ளைகள் நன்றாகச் செய்கிறார்கள்.

இவருடைய கடைசி ரத்தப் பரிசோதனைத் தாள் வாரிசுச் சான்றிதழ் காகிதங்களுக்குள் கலந்து கிடந்தது. பொட்டாசியம் 7.4. ஐந்தரைக்கு மேல் போகக் கூடாது. அந்தப் பொடியை ஒரு தடவையாவது ஆய்வகத்துக்கு எடுத்துப் போயிருக்கலாம். டப்பா நான்கு மாதம் சமையலறை மேடையில் இருந்தது. ஒரு நாளைக்கு மூன்று வேளையும் நான்தான் வெந்நீரில் கரைத்துக் கொடுத்தேன்.

ஜனவரி 24, சனி

அருளப்பன் அண்ணாச்சி வீட்டுத் தெரு வரைக்கும் போனேன். வாசலில் அவர் ஸ்கூட்டர் நின்றது. தக்காளி வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

ஜனவரி 25, ஞாயிறு

காலையில் போனேன். அவர்கள் பூசைக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்தேன். போகவில்லை. ஜெசிந்தாவால் நடக்க முடியவில்லையாம். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் ஊதியிருந்தது. “வாங்க செம்பகம் டீச்சர்” என்றாள்.

உட்காராமலே சொல்லிவிட்டேன். “அண்ணாச்சி, அந்தப் பொடிய நிப்பாட்டிருங்க. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.”

அருளப்பன் அண்ணாச்சி நாற்காலியை எடுத்துப் போட்டார். “உக்காருங்க டீச்சர். அண்ணன் போனதுல உங்களுக்கு மனசு விட்டுப்போச்சு. எனக்குப் புரியுது. ஆனா அண்ணன் ஒண்ணச் சொன்னா விசாரிக்காமச் சொல்ல மாட்டாரு. ஒரு மாசம் கம்ப்யூட்டர்ல படிச்சுட்டுத்தான் எங்கிட்டச் சொன்னாரு. எங்க தேடினாலும் அந்த எடம்தான் முதல்ல வருதுன்னாரு.”

“அவர் தேடினாரு. அவருக்குக் காட்டினது அத மட்டும்தான்.”

“யாரு காட்டினது?”

“லேப்டாப்ல ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. என்ன தேடினாலும் காசு குடுத்தவன் பக்கத்தைத்தான் கொண்டாந்து போடும். அத எடுத்துட்டு அதே கேள்விய நான் கேட்டுப் பாத்தேன். அந்த எடம் எங்கயுமே வரல. பொடி சாப்பிடாதீங்கன்னு டாக்டருங்க எழுதினதுதான் வருது.”

அவர் நம்பவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். “அதெப்படி டீச்சர் தானா வந்து ஒட்டும்?”

“தானா வரல. நான்தான் இறக்கினேன். போன மார்ச்சுல, வினாத்தாள் அனுப்புறதுக்கு. எல்லாத்துக்கும் சரி சரின்னு அமுக்கினேன். படிச்சுப் பாக்கல.”

சொல்லிவிட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கட்டிலிலிருந்து ஜெசிந்தா கேட்டாள். “அண்ணனுக்குக் கடைசியில எப்படி இருந்துச்சு டீச்சர்?”

இதை இதுவரைக்கும் யாரும் என்னிடம் கேட்கவில்லை. எப்போது, எங்கே என்றுதான் கேட்டார்கள். சொன்னேன். முதலில் விரல் நுனி மரத்துப்போனது. உதட்டைச் சுற்றிக் குறுகுறுப்பு. பிறகு மாடிப்படி ஏற முடியவில்லை, கால் தூக்கவில்லை என்றார். வலி இல்லை. மூன்றாம் நாள் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது நெஞ்சு நின்றுவிட்டது.

ஜெசிந்தா கையை நீட்டிக் காட்டினாள். “எனக்கும் வெள்ளிக்கிழமையிலேருந்து இப்படித்தான் இருக்கு. இவருகிட்டச் சொல்லல. சொன்னா ஊசி ஆஸ்பத்திரின்னு கூட்டிட்டுப் போவாரேன்னு இருந்துட்டேன்.”

அருளப்பன் அண்ணாச்சி எழுந்து சட்டையை மாட்டினார். பக்கத்துத் தெருவில் கார் வைத்திருப்பவருக்குப் போன் போட்டார். நானும் அவரும் ஆளுக்கொரு பக்கமாக ஜெசிந்தாவைப் பிடித்துக் காரில் உட்கார வைத்தோம். திருநெல்வேலிக்குப் போனார்கள். போகும்போது அவர் பொடி டப்பாவை மட்டும் பையில் எடுத்துப் போட்டுக்கொண்டார், டாக்டரிடம் காட்ட.

அண்ணாச்சி என் வீட்டுக்கு வந்து பொடியைப் பற்றிச் சொன்னது பதின்மூன்றாம் தேதி. இன்று இருபத்தைந்து.

ஜனவரி 26, திங்கள்

கொடியேற்றத்துக்குப் போய்வந்தேன். போன் வரவில்லை.

ஜனவரி 27, செவ்வாய்

மூன்றாம் பீரியடில் அருளப்பன் அண்ணாச்சி கூப்பிட்டார். வராந்தாவுக்குப் போய்ப் பேசினேன்.

“பொட்டாசியம் ஏழு வந்துருச்சு டீச்சர். போனதுமே டயாலிசிஸ் போட்டாங்க. கழுத்துல ஒரு குழாய் வச்சிருக்கு. நேத்தும் போட்டாங்க. இப்ப கஞ்சி குடிக்கா. டாக்டரு எங்களப் போட்டு ஏசுதாரு.”

“வலிக்குதாமா?”

அவர் அந்தப் பக்கம் கேட்டுவிட்டு வந்து சொன்னார். “குழாய் வைக்கும்போது கொஞ்சம் சுருக்குன்னுச்சாம். மத்தபடி படுத்தே கெடக்கணும், அதுதான் கஷ்டமாம். போடும்போதே தூங்கிட்டாளாம்.”

பிறகும் அவர் போனை வைக்கவில்லை. “டீச்சர், உங்க மேல எனக்குக் கோவம் வந்துச்சு. இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா நீங்க வரலன்னா இவ இல்ல” என்றார்.

வகுப்புக்குத் திரும்பினேன். பாதியில் விட்ட சமன்பாட்டை முடித்தேன்.

ஜனவரி 29, வியாழன்

சனிக்கிழமை வருகிறேன் என்று நித்திலா செய்தி அனுப்பினாள். பால் ஒரு பாக்கெட் கூடச் சொல்ல வேண்டும்.

ஜனவரி 31, சனி

காலை பஸ்ஸில் வந்தாள். மெலிந்திருக்கிறாள். குளித்துவிட்டு இட்லி சாப்பிட்டாள். நான் சுத்தம் செய்தது சரியாக இருக்கிறதா பார்க்கிறேன் என்று லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டாள்.

“நித்திலா, அன்னைக்குத் தேதி கேட்டியே. காலியா இல்ல. மார்ச் பதினாலுன்னு போட்டிருந்துச்சு. அது நான் இறக்கினது. அப்பா இல்ல.”

அவள் விரல் விசைப்பலகையிலேயே நின்றது. எல்லாவற்றையும் சொன்னேன். வினாத்தாள், ஜூலை ஆறாம் தேதி சாயங்காலம், ஏழு பெயரில் ஒரே எண், வெள்ளைப் பக்கத்தில் நான் செய்த பரிசோதனை, ஜெசிந்தா. வகுப்பில் சொல்வது போலத்தான் சொன்னேன். குரல் எங்கேயும் மாறவில்லை. மாறியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

“அப்பாவ முட்டாள்னு சொல்லாத. அவர் கவனமாத்தான் தேடினார். மூணு வாரம் தேடியிருக்கார்.”

ஏசுவாள் என்று காத்திருந்தேன். அவள் லேப்டாப்பை மூடிப் பக்கத்தில் வைத்தாள்.

“எனக்கு அப்பா அந்தப் பக்கத்த அனுப்பியிருந்தார்மா.”

“எப்ப?”

“ஜூலை கடைசியில. ‘படிச்சுப் பாத்து சரியா இருக்கான்னு சொல்லும்மா, நீ சொன்னா போறேன்’னு எழுதியிருந்தார். நான் மீட்டிங்ல இருந்தேன். அப்புறமா பாத்துக்கலாம்னு ஒரு கட்டைவிரல் படம் போட்டேன். பாத்துட்டேன்னு தெரியறதுக்கு. அவ்வளவுதான். திறக்கவே இல்லம்மா. அடுத்த நாள் ‘டிக்கெட் போட்டாச்சு’ன்னு அப்பா அனுப்பினார். எதுக்கு டிக்கெட்னுகூட நான் கேக்கல.”

அவள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. அவள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தலைமுடியில் ஈரம் காயாமல் இருந்தது. துண்டை எடுத்துத் துவட்டிவிட்டேன்.

மதியம் சாதம் வைத்தேன். சாப்பிடும்போது அவள் கேட்டாள். “எனக்கும் அருளப்பன் மாமாவுக்கும் அனுப்பியிருக்கார்னா வேற யாருக்கெல்லாம் அனுப்பினாரோ?”

நான் அதை யோசிக்கவே இல்லை.

இவருடைய போன் பீரோவில் இருந்தது. நவம்பரில் அணைந்தது. சார்ஜில் போட்டோம். எழுந்து வர இருபது நிமிஷம் ஆனது. இவர் போனுக்குப் பூட்டுப் போடுவதில்லை. நித்திலா அந்த முகவரியைத் தேடி எடுத்தாள். மொத்தம் ஏழு பேருக்கு அனுப்பியிருக்கிறார். மதுரை ஆஸ்பத்திரியில் அறிமுகமானவர்கள், மின்வாரியத்தில் இவருடைய பழைய செக்‌ஷனில் ஒருவர், கயத்தாற்றில் ஒரு வாத்தியார். எல்லோருக்கும் தனித்தனியாக நலம் விசாரித்து எழுதியிருக்கிறார். ‘கவலைப்படாதீங்க, நமக்கெல்லாம் வழி இருக்கு.’

அருளப்பன் அண்ணாச்சியையும் நித்திலாவையும் கழித்தால் ஐந்து பேர். அவள் ஒரு தாளில் எழுதினாள். மூன்று பேரை அவள் எடுத்துக்கொண்டாள். இரண்டு எனக்கு. என்ன சொல்வது என்று முதலில் பேசி வைத்துக்கொள்ளலாமா என்றாள். வேண்டாம் என்றேன். நடந்ததைச் சொன்னால் போதும்.

அவள் தன் போனை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். நான் கயத்தாற்று வாத்தியாரை இவருடைய போனிலிருந்தே கூப்பிட்டேன். என் எண்ணிலிருந்து கூப்பிட்டால் எடுக்காமல் போகலாம். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார். சந்தோஷமான குரல்.

“சொல்லுங்க சுடலைமுத்து. எங்க ஆளையே காணோம்? உடம்பு எப்படி இருக்கு?”

“நான் அவர் சம்சாரம் பேசுறேன்” என்றேன். “நீங்க இப்ப உக்காந்திருக்கீங்களா சார்?”